தடுமனுக்கு அடுப்படியில் செய்தது: ஒரு சாரல் காலத்துப் பதிவு

தென்காசிப் பக்கத்தில் ஜூன் மாதம் இரண்டு காரியம் ஒன்றாக நடக்கும். மேற்கே மலையில் மேகம் இறங்கிச் சாரல் விழத் தொடங்கும், பள்ளிக்கூடமும் திறக்கும். கொஞ்ச நாளிலேயே தெருவில் பாதி வீட்டில் தும்மல் கேட்கும். அம்மாவுக்கு இதில் சந்தேகமே கிடையாது. “சாரல்ல தலைய நனைச்சா தடுமன் பிடிக்காம என்ன செய்யும்?” என்பார். எனக்குச் சந்தேகம் வகுப்பறை மேல்தான். பெஞ்சுக்கு நாலு பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும், மழைக்கு ஜன்னலை அடைத்திருப்பார்கள், மூக்கைத் துடைத்த கையாலேயே ஒருவன் அடுத்தவனின் பென்சிலை வாங்குவான்.

தடுமனைக் கொண்டுவருவது வைரஸ்தான். ஆனாலும் அம்மா சொல்வதை முழுதாகத் தள்ளிவிட முடியாது. தடுமனுக்குப் பெரும்பாலும் காரணமாகும் ரைனோவைரஸ், உடம்பின் 37 டிகிரிச் சூட்டைவிட மூக்கின் உள்ளே இருக்கும் 33 டிகிரிச் சூட்டில் நன்றாகப் பெருகும். அந்தக் குறைந்த சூட்டில் செல்களின் தற்காப்பு மந்தமாவதுதான் இதற்கு ஒரு காரணம் என்று யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் எலியின் மூச்சுக்குழல் செல்களில் காட்டினார்கள். அதனால் எங்கள் வீட்டில் இரண்டு கட்சியும் ஜெயித்தது. பள்ளியிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பது என் சட்டம். தலையைத் துவட்டிவிட்டுத்தான் மற்ற வேலை என்பது அம்மாவின் சட்டம்.

இந்தச் சாரலில் தடுமன் வீட்டில் எல்லோருக்கும் வரிசையாக வந்தது. முதலில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு, அவளிடமிருந்து எனக்கு, கடைசியில் அம்மாவுக்கு. என்ன இடித்தோம், என்ன கொதிக்கவைத்தோம், யாருக்கு எது கேட்டது என்று அடுப்படி நோட்டில் குறித்துவைத்தேன். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் செய்த எதுவும் வைரஸைக் கொல்லும் என்று நான் நம்பவில்லை. ரைனோவைரஸில் மட்டுமே 160 வகைக்கு மேல் உண்டு; அது போகத் தடுமன் கொடுக்கும் வேறு வைரஸ்களும் இருக்கின்றன. இங்கிலாந்தில் சாலிஸ்பரி அருகே தடுமனுக்கென்றே ஓர் ஆய்வகம் 1946-இல் தொடங்கி நாற்பது ஆண்டுக்கு மேல் நடந்தது. சம்மதித்து வந்தவர்களுக்கு வேண்டுமென்றே தடுமனைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். குணமாக்கும் மருந்து கிடைக்காமலேதான் அதை மூடினார்கள். உடம்பு தானாகவே ஏழு முதல் பத்து நாளில் தேறிவிடும். இருமல் மட்டும் இன்னும் ஒன்றிரண்டு வாரம் இழுக்கலாம். அதுவரை தொண்டை எரியாமல், மூக்கு திறந்து, ராத்திரி தூங்கி, நாலு வாய் ருசித்துச் சாப்பிட வைப்பதுதான் அடுப்படி வைத்தியத்தின் வேலை. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. ஆனால் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை ஒரே கஷாயத்தை ஊற்றிக்கொண்டிருந்தால் செய்யாது. தொண்டை கரகரக்கும்போது வேண்டியது ஒன்று, மூக்கு அடைக்கும்போது வேண்டியது வேறு, நெஞ்சில் சளி கட்டினால் வேண்டியது இன்னொன்று.

வைகாசி வெயிலில் பொடி

சுக்குமல்லிப் பொடியைத் தடுமன் வந்த பிறகு செய்ய உட்காரக் கூடாது. சாரலில் எதுவும் காயாது. மூக்கு ஒழுகும்போது மிளகு இடிக்கவும் முடியாது. வைகாசி வெயில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். எங்கள் வீட்டுக் கணக்கு: கொத்தமல்லி விதை 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு 15 கிராம், அரிசித் திப்பிலி 10 கிராம், ஏலக்காய் 5 கிராம். அம்மாவின் அம்மா காலத்தில் சுக்கும் மல்லியும் சரிபாதியாக இருந்ததாம். இப்போதுள்ள பிள்ளைகள் அந்தக் காரத்தைத் தாங்க மாட்டார்கள் என்று அம்மாதான் குறைத்தார்.

கவனமெல்லாம் சுக்கு வாங்குவதில் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டி வைத்திருப்பதைத் தொடாமல், மூட்டையிலிருந்து அள்ளித் தரச் சொல்லுங்கள். கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும். உடைத்தால் சடக்கென்று முறிந்து, முறிந்த இடத்தில் நார் நீட்டிக்கொண்டு, மணம் மூக்கில் சுள்ளென்று ஏற வேண்டும். ஊசிமுனை அளவுப் பொத்தல்கள் இருந்து, தட்டினால் மாவு கொட்டினால் வண்டு புகுந்துவிட்டது என்று அர்த்தம். வெள்ளைவெளேரென்று இருப்பது சுண்ணாம்பில் முக்கிக் காயவைத்தது. அதை வாங்கினாலும் மேல்தோலைக் கட்டாயம் சீவிவிட வேண்டும். சாதாரணச் சுக்கானாலும் நாங்கள் தோல் சீவித்தான் இடிக்கிறோம். கத்தியின் மழுங்கிய பக்கத்தை வைத்துச் சுரண்டினால், கணு இடுக்கில் ஒட்டிக்கிடக்கும் மண்ணும் சேர்ந்து வந்துவிடும்.

முழுச் சுக்கை மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும். சின்ன இரும்பு உரலில் முதலில் நசுக்க வேண்டும். எடுத்தவுடன் ஓங்கி இடித்தால் துண்டு தெறித்துக் கண்ணில் படும். அதனால் உரல் வாயை இடக்கையால் அணைத்துக்கொண்டு மெல்ல நாலைந்து தட்டு, சுக்கு விரிந்த பிறகு நல்ல இடி. நார் பிரிந்து பஞ்சுபோல் வந்ததும் மிக்ஸிக்கு மாற்றலாம். கொத்தமல்லியை எண்ணெய் விடாமல் இளஞ்சூட்டில் வறுத்து, விரலால் நசுக்கினால் நொறுங்கும் பதத்தில் இறக்க வேண்டும். நிறம் சிவக்கும்வரை விட்டால் பொடி கசக்கும். மிளகையும் திப்பிலியையும் அடுப்பை அணைத்த பிறகு அந்தச் சட்டிச் சூட்டிலேயே இரண்டு புரட்டு புரட்டினால் போதும். எல்லாவற்றையும் ஒரு வெயில் காயவைத்து, அரைத்து, சலித்தால் சல்லடையில் நாரும் கப்பியும் நிற்கும். அந்தக் கப்பியை நாங்கள் எறிவதில்லை. தனி டப்பாவில் போட்டு வைத்தால் ரசத்துக்கு ஆகும்.

பச்சை இஞ்சியைவிடச் சுக்கு ஏன் அப்படி உறைக்கிறது என்று மகள் கேட்டாள். இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால் என்ற பொருள். இஞ்சி காயும்போதும் சூடாகும்போதும் அதிலிருந்து நீர் பிரிந்து ஷோகால் என்று வேறொன்றாக மாறுகிறது. காரம் அதற்கு அதிகம். மிளகிலும் திப்பிலியிலும் இருப்பது பைப்பரின். இவை எல்லாமே வாயிலும் தொண்டையிலும் சூட்டை உணரும் நரம்புமுனைகளை உசுப்பிவிடுபவை. அதனால்தான் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த எதைக் குடித்தாலும் நெற்றி வியர்த்து, மூக்கிலிருந்து நீர் இறங்குகிறது. கட்டிக்கிடக்கும் சளி இளகுவதற்கு அதுவே வழி.

இனிப்புக்குக் கருப்பட்டி. உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கிடைத்தால் விடுவதில்லை. ஆனால் சீனிப்பாகு சேர்த்தது அதே பெயரில் நிறைய வருகிறது. உடைத்த முகம் மங்கலாக, பழுப்பாக இருந்தால் நல்லது. கண்ணாடித் துண்டுபோல் மினுமினுத்தால் நாங்கள் வாங்குவதில்லை. எதுவானாலும் தனியாகக் கரைத்து வடிகட்டித்தான் சேர்க்க வேண்டும், அடியில் மண் நிற்கும்.

தொண்டை கரகரக்கும் நாள்

மகளுக்குத் தொடங்கியது தொண்டையில்தான். எச்சில் விழுங்கும்போது முகத்தைச் சுளித்தாள். இந்தக் கட்டத்தில் சுக்குக் காப்பி கொடுத்தால் எரிச்சல்தான் கூடும். முதல் வேலை உப்புத் தண்ணீர்: ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, தலையை அண்ணாந்து கொப்பளித்துத் துப்புவது. காலையிலும் பள்ளி விட்டு வந்ததும் படுக்கும் முன்பும் செய்தாள். தொண்டையின் எரிச்சல் அடங்குவது இதில்தான் சீக்கிரம் தெரிந்தது.

அடுத்தது கற்பூரவல்லி. எங்கள் பக்கம் ஓமவல்லி என்றும் சொல்வோம். இலையில் இருக்கும் கார்வக்ரால், தைமால் இரண்டும் ஓமத்தில் இருப்பவைதான். மணமும் அதே மணம். தடித்த இலைகளாகப் பார்த்து நாலைந்து பறித்துக் கழுவித் துடைத்து, தோசைக்கல்லில் ஒரு நிமிஷம் போட்டேன். விறைப்பாக நின்ற இலை துவண்டு, பச்சை மங்கி, ஓரம் சுருளும்போது எடுத்துப் பிழிந்தால் சாறு தாராளமாக இறங்கும். வாட்டாமல் கசக்கினால் இதில் பாதிகூட வராது. அந்தச் சாறு ஒரு தேக்கரண்டி, தேன் ஒரு தேக்கரண்டி. குழைத்துக் கொடுத்தால் மறுக்காமல் நக்கிவிடுவாள். மீதி இலையைக் கடலை மாவில் தோய்த்து பஜ்ஜி போட்டதும் உண்டு. அது மருந்துக்காகச் செய்தது இல்லை, மழைக்குச் செய்தது.

தேன் விஷயத்தில் ஒரு கண்டிப்பு. ஒரு வயது முடியாத குழந்தைக்கு ஒரு சொட்டுக்கூடக் கூடாது, நாக்கில் தடவுவதும் கூடாது. தேனில் சில நேரம் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் வித்து அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். பிள்ளையின் கைகால் துவண்டு மூச்சே சிரமமாகும். பெரிய பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து இல்லை. ராத்திரி இருமலுக்குத் தேன் ஓரளவு கேட்கும் என்பதற்கு நல்ல ஆய்வுகளே இருக்கின்றன. நான் சோதித்துப் பார்த்த மற்ற எல்லாவற்றையும்விட, வெறும் தேன்தான் அவளைத் தூங்கவைத்தது.

எனக்குத் தொண்டை பிடித்தபோது சித்தரத்தையில் ஒரு சின்னத் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டேன். கல் மாதிரி இருக்கும், கடிக்கக் கூடாது. மெல்ல ஊறிக் காரம் இறங்கும். அதிமதுரக் குச்சியும் தொண்டைக்கு இதம்தான், ஆனால் அம்மாவுக்கு அதைக் கொடுக்கவில்லை. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் அவர். அதிமதுரத்தில் இருக்கும் கிளிசரைசின் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, அழுத்தத்தை ஏற்றும். மற்றவர்களும் தினமும் மென்றுகொண்டிருக்கத் தேவையில்லை.

மூக்கு அடைக்கும் நாட்கள்

இங்கேதான் வைகாசியில் இடித்த பொடி வெளியே வந்தது. இரண்டு தம்ளர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஒரு தேக்கரண்டிப் பொடி. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு போட்டு, தீயைக் குறைத்து, ஒன்றரைத் தம்ளராக வற்றியதும் கருப்பட்டிக் கரைசலை ஊற்றி ஒரு கொதி. இறக்கி மூடிவைத்தால் பொடி அடியில் தங்கிவிடும். மேலாக வடித்துக் குடிக்கலாம். பால் சேர்ப்பதில்லை. வெறும் வயிற்றிலும் குடிப்பதில்லை, நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இது ஆகவே ஆகாது. எனக்குக் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மகளுக்கு அரைத் தம்ளர், தண்ணீர் கலந்து.

சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை என்று சொல்வதில் பாதிப் பங்கு வெந்நீருக்குச் சேரும் என்பது என் எண்ணம். வேல்ஸில் கார்டிஃப் பல்கலைக்கழகத்துத் தடுமன் ஆய்வு மையம் 2008-இல் ஒரு சோதனையை வெளியிட்டது. தடுமன் பிடித்தவர்களில் சிலருக்கு ஒரு பழப் பானத்தைச் சூடாகவும், மற்றவர்களுக்கு அதே பானத்தைச் சூடில்லாமலும் கொடுத்தார்கள். சூடாகக் குடித்தவர்களுக்கு மூக்கொழுகல், தும்மல், இருமல், தொண்டைவலி, குளிர், அசதி எல்லாமே உடனே தணிந்ததாகச் சொன்னார்கள். சூடில்லாமல் குடித்தவர்களுக்கு மூக்கொழுகலும் தும்மலும் இருமலும்தான் குறைந்தன. அதனால் பொடி தீர்ந்துபோனால் கவலைப்பட வேண்டாம். கருப்பட்டி போட்ட வெந்நீரே பாதி வேலையைப் பார்த்துவிடும். சூடாக, மெல்ல ஊதி ஊதிக் குடிப்பது முக்கியம்.

நொச்சி ஆவி அம்மாவின் வைத்தியம். வாய்க்கால் கரையில் நொச்சி தானாக வளர்ந்து கிடக்கிறது. ஐந்து விரல் விரித்த மாதிரி இலை, ஊதாப் பூ. இரண்டு கைப்பிடியைக் கொத்தோடு ஒடித்து வந்து, தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு இலையை அமுக்கினார். இலை போட்ட பிறகும் கொதிக்கவிட்டால் வாசமெல்லாம் அடுப்படியில்தான் நிற்கும். “அடுப்ப அணைச்சியா? பானைய தரையில வச்சிட்டுத்தான் போர்வைய எடுக்கணும்” என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். பானையைத் தரையில் சுவரோடு ஒட்டி வைத்து, முக்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, போர்வைக்குள் ஐந்து நிமிஷம். வெளியே வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டால் மூக்கு திறந்திருக்கும், நெற்றி கனம் இறங்கியிருக்கும்.

அந்தச் சுகம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்காது. ஆவி பிடிப்பது தடுமனைச் சீக்கிரம் விரட்டும் என்பதற்கும் ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. அதனால் மகளுக்கு நாங்கள் ஆவி பிடிக்கவில்லை. வெந்நீர்ப் பானை கவிழ்ந்து பிள்ளைகளுக்குத் தொடையும் வயிறும் வெந்துபோவது அடிக்கடி நடப்பது. கிடைக்கும் பலனுக்கு அந்த ஆபத்து தகாது. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தி, அந்தப் புழுக்கத்தில் அவளைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்தோம். பலர் கூடி ஒரே இடத்தில் ஆவி பிடிப்பதும் வேண்டாம். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் தெருமுனைகளில் அப்படிச் செய்தபோது, அதுவே தொற்றைப் பரப்பும் என்று தமிழக சுகாதாரத் துறை தடுத்தது.

தைலத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெந்தால் பட்டதும் மூக்கு திறந்தாற்போல் இருப்பது குளிர்ச்சியை உணரும் நரம்பு தூண்டப்படுவதால். அடைப்பு அப்படியேதான் இருக்கும். பெரியவர்கள் தூங்கும் முன் தடவிக்கொள்ளலாம். கைக்குழந்தைக்குக் கூடவே கூடாது. பக்கத்து வீட்டு மைனி, தேங்காயெண்ணெயில் சூடம் காய்ச்சிப் பேரனுக்கு நெஞ்சில் தேய்க்க எடுத்து வந்தார். ஆறு மாதப் பிள்ளை. சூடம் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், சின்னப் பிள்ளைக்கு வலிப்பு வரவைக்கும் என்று சொல்லித் தடுத்தேன். மைனி முதலில் நம்பவில்லை, “நாங்கல்லாம் தேய்ச்சுதான வளத்தோம்” என்றார். கடைசியில் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வந்து எண்ணெயை விளக்குக்கு ஊற்றிவிட்டார். அந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது தாய்ப்பாலும், மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டும்தான்.

தூதுவளை ரசம்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் செய்து பார்ப்பதென்றால் இதைச் செய்யுங்கள். தடுமனில் நாக்கு செத்துப்போய், எதுவும் இறங்காமல் கிடக்கும்போது, இரண்டு கவளம் குழைந்த சோற்றை உள்ளே தள்ளும் சக்தி இதற்கு உண்டு.

தூதுவளையில் முள் தண்டில் மட்டும் இருக்காது. இலைக்காம்பில், இலைக்கு அடியில் நடுநரம்பு நெடுக, பூனை நகம் மாதிரி வளைந்து நிற்கும். கீரை ஆய்வதுபோல் உருவினால் விரல் கிழியும். கத்திரிக்கோலால் இலையை மட்டும் நறுக்கித் தட்டில் விழவைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு இலையாகக் கவிழ்த்துப் போட்டு, ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, நடுநரம்பில் நிற்கும் முள்ளை நுனிக் கத்தரியால் வெட்டிவிட வேண்டும். கொழுந்து இலையில் முள் மென்மையாக இருக்கும். நெய்யில் வதங்கி அரைபட்டால் தெரியாது. முற்றிய இலையில் நரம்பையே கிழித்து எறிந்துவிடுவது நல்லது. பிள்ளைகள் சாப்பிடும் ரசத்தில் ஒரு முள்கூட இருக்கக் கூடாது என்று நான் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் ஆய்ந்தேன். பொறுமை கேட்கும் வேலை.

ஆய்ந்த இலை ஒரு கைப்பிடி. இரும்புச் சட்டியில் ஒரு தேக்கரண்டி நெய் காய்ந்ததும் போட்டால் சடசடவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் ஓய்ந்து, இலை கரும்பச்சையாகிச் சுருண்டதும் எடுத்துவிட வேண்டும். மிளகு, சீரகம், சுக்குக் கப்பி மூன்றும் ஒவ்வொரு தேக்கரண்டி, பூண்டு தோலோடு ஐந்து பல். இவற்றை இடித்துவிட்டு, கடைசியில் வதக்கிய இலையைச் சேர்த்து நான்கு இடி. மையாக அரைத்தால் ரசம் கூழாகிவிடும், கொரகொரப்பு வேண்டும். புளி வழக்கமாகப் போடுவதில் பாதி போதும், தொண்டை புண்ணாக இருப்பதால். ஒரு தக்காளியைக் கையால் பிசைந்து, புளித்தண்ணீர், மஞ்சள்தூள், உப்பு சேர்த்துப் பச்சை வாசம் போகும்வரை கொதிக்கவிட்டு, பருப்புத் தண்ணீர் ஒரு கரண்டி விட்டு, இடித்ததைப் போட வேண்டும். அதன் பிறகு கொதிக்கவே கூடாது. ஓரத்தில் நுரை கட்டி நடுவுக்கு வரும்போது இறக்கி, நெய்யில் கடுகு, வற்றல், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து மூடிவிட வேண்டும்.

மகள் முதல் வாயில் “ஆச்சி, கசக்குது” என்றாள். “கசப்பு தொண்டையோட போயிரும் பிள்ள, இன்னொரு வாய் வாங்கு” என்று அம்மா நெய்யை இன்னும் கொஞ்சம் விட்டுப் பிசைந்தார். மூன்றாவது வாய்க்கு அவளே வாயைத் திறந்தாள். கசப்பு மெல்லியதுதான், மிளகும் நெய்யும் அதை மூடிவிடும்.

அசைவம் சாப்பிடும் வீட்டில் நாட்டுக்கோழிச் சாறு இதே வேலையைச் செய்யும். சூடான கோழிச்சாறு மூக்கின் சளி நகரும் வேகத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்காவில் 1978-இலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். நாங்களும் ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் வைத்தோம், மிளகை இரண்டு மடங்காகப் போட்டு.

நெஞ்சில் இறங்கிய பிறகு

எனக்கு மூக்கு சரியானதும் இருமல் பிடித்துக்கொண்டது. சளி கெட்டியாக, வெளியே வராமல் இழுத்தது. இதற்கு ஆடாதோடை. நீண்ட இலை, கிள்ளினாலே கைக்குக் கசப்பு ஏறும். முற்றிய இலை மூன்றைக் கிழித்துப் போட்டு, ஐந்து மிளகைத் தட்டிப் போட்டு, இரண்டு தம்ளர் தண்ணீரை அரைத் தம்ளராக வற்றவைத்தேன். வடித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் தேன் ஒரு தேக்கரண்டி. கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கு. காலையும் மாலையும் சில நாள் குடித்ததில் சளி இளகிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது, இரவில் இருமல் குறைந்தது. அது தானாகக் குறையும் நேரமாகவும் இருந்திருக்கலாம். இருந்தாலும் இந்தச் செடி மேல் எனக்கு மரியாதை அதிகம். மருந்துக் கடை இருமல் சிரப்பில் ப்ரோம்ஹெக்சின், அம்ப்ராக்சால் என்று எழுதியிருக்கும். ஆடாதோடையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளைப் பார்த்து உருவாக்கியதுதான் ப்ரோம்ஹெக்சின், அது உடம்பில் மாறிக் கிடைப்பது அம்ப்ராக்சால். அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கவைக்கும். கர்ப்பமாக இருப்பவர்கள் ஆடாதோடையைத் தொடவே கூடாது.

மகளுக்கு இந்தக் கஷாயம் கொடுக்கவில்லை. அவளுக்கு ராத்திரி மஞ்சள் பால், மிளகு தட்டிப் போட்டு. மஞ்சளின் குர்குமின் தனியாகப் போனால் உடம்பில் மிகக் குறைவாகத்தான் சேரும். மிளகு கூட இருந்தால் பல மடங்கு கூடும் என்பது 1998-இல் வந்த இந்திய ஆய்வு. ஆனால் அவள் தூங்கியது பாலின் சூட்டினால்தான் என்று நினைக்கிறேன். மஞ்சள் விரலியாக வாங்கி மில்லில் அரைத்தது. பாக்கெட் தூளில் நிறம் கூட்டச் சேர்க்கும் கலப்படத்துக்குப் பயந்து எப்போதும் அப்படித்தான். விரலி மஞ்சளை விளக்கில் சுட்டுப் புகை முகர்வதை மட்டும் விட்டுவிட்டோம். வீசிங் உள்ள வீட்டில் எந்தப் புகையும் ஆகாது.

கபசுரக் குடிநீரை ஏன் போடவில்லை என்று தங்கை போனில் கேட்டாள். 2020-இல் தமிழக அரசே பரவலாகக் கொடுத்த பிறகு எல்லோர் வீட்டிலும் ஒரு பாக்கெட் இருக்கிறது. பதினைந்து சரக்கு சேர்ந்த மருந்து அது. காய்ச்சல் இல்லாத சாதாரணத் தடுமனுக்கு அத்தனையும் எதற்கு என்பது என் நினைப்பு. வேண்டுமென்றால் சித்த மருத்துவரைப் பார்த்து, அளவு கேட்டுக் குடிக்கலாம். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவு இருக்கிறது. மணம் போன பழைய பாக்கெட்டைக் கொதிக்கவைப்பதில் மட்டும் அர்த்தமில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு மருத்துவரிடம் கிளம்ப வேண்டிய நேரத்தையும் நோட்டின் உள்ளட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், காது வலித்தால், தேறிய பிறகு மறுபடி காய்ச்சல் அடித்தால். குழந்தைகளுக்கு மூச்சை எண்ண வேண்டும்: அழாமல் அமைதியாக இருக்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு, முழுதாக ஒரு நிமிஷம். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ உடனே ஆஸ்பத்திரி. விலா குழி விழுந்தாலும், பால் குடிக்காமல் துவண்டாலும் அப்படித்தான். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது மட்டும் பயப்படும் விஷயமில்லை; தடுமன் முற்றும்போது அப்படி ஆவது இயல்பு. அதற்காக ஆன்டிபயாடிக் வாங்கி முழுங்க வேண்டாம், வைரஸுக்கு அது கேட்காது.

இனி செடிகள். கற்பூரவல்லிக்குக் கிளையை ஒடித்துச் சட்டியில் ஊன்றினால் போதும், தண்ணீர் தேங்கினால்தான் அழுகும். தூதுவளை கொடி; மதில் ஓரமாகப் பந்தல் கம்பு கொடுத்து, பிள்ளைகள் ஓடும் பாதையை விட்டுத் தள்ளி வையுங்கள். சிவந்த பழத்தை உடைத்து விதையைச் சாம்பலில் புரட்டித் தூவினால் முளைக்கும். ஆடாதோடையும் நொச்சியும் குச்சி நட்டால் வரும், ஆனால் இரண்டும் வேலி உயரத்துக்குப் போகும், தொட்டியில் வைக்காதீர்கள். சாரல் ஈரத்திலேயே நட்டுவிட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும்.